பாஸ்போட்டைப் பார்த்துத் துஆ ஓதியவர்

முந்தலில் இறால் பண்ணைப் பம்புக்கு பெல்ட் வாங்கக் கடையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. "ஹபீப் ஹஸ்ரத் மௌத்தாகிட்டார்" என்றான் என் மருமகன். இன்னா லில்லாஹி சொன்னேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மரணச் செய்தி கேட்டு யார் யார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்கள் எல்லோரோடும் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர் ஹஸ்ரத். தில்லையடியில் நம் பள்ளிவாசலின் இமாமாக வெகுகாலம் இருந்தவர். நான் அந்தப் பள்ளியின் நிர்வாக சபைச் செயலாளராக இருந்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்து வைத்தவனும் நான்தான். அதனால்தான் இதை நானே எழுத வேண்டும்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களை வீட்டில், நல்லபடி போய்வர என்று துஆ ஓதி அனுப்புவது நம் வழக்கம். ஹஸ்ரத்தும் ஓதினார். கூட்டிப்போக வந்த ஏஜென்ட், எல்லோரையும் விடச் சத்தமாக ஆமீன் சொல்வார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், "ஹஸ்ரத் ஓதி அனுப்பின பயணம், பயப்பட ஒண்டுமில்ல" என்பார். அவர் நம் சபையிலும் இருந்தவர், பள்ளிக்கு மின்விசிறிகள் தந்தவர். அவரை முதலாளி என்றாலே ஊருக்குத் தெரியும்.

அப்படிப் போன ஒரு பிள்ளை ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாள். சுத்திப்பார்க்கும் விசாவில் கூட்டிப்போய், அங்கே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அவளை விற்றிருக்கிறார்கள். பாஸ்போட்டில் வயது இருபத்துமூன்று. உண்மையில் பதினேழு. ஹஸ்ரத்தும் நானும் பார்க்கப் போனோம். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க ஓதித்தானே ஹஸ்ரத் அனுப்பினீங்க?" அவர் எழும்பி வந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மிம்பர் மேடையில் ஏறிச் சொன்னார்: "விக்கிறவனுக்கு நான் துஆவால விளம்பரம் செய்திருக்கிறன். வயசு கேக்கயில்லை, விசா கேக்கயில்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஓதினன். மனிசரை வித்துத் தின்னுறவனுக்கு எதிரா மறுமையில அல்லாஹ் வழக்குப் பேசுவான். அந்த நேரம் நான் ஆரின்ர பக்கம் நிக்கிறது?"

அன்றிலிருந்து பயண வீடுகளில் அவருடைய முதல் வார்த்தை, "தேத்தண்ணி ஆறட்டும், பேப்பரைக் காட்டுங்கோ" என்பதுதான். பாஸ்போட் யார் கையில் இருக்கிறது? விசா வேலைக்கா, சுத்திப்பார்க்கவா? பிள்ளைக்கு உண்மையில் என்ன வயது? நிற்கப்போகிற வீட்டின் விலாசம் எங்கே? சரியான பதில் வராவிட்டால் கையேந்தமாட்டார். தட்டில் வைத்த வட்டிலப்ப இனிப்பைத் தொடாமலே எழும்பிவிடுவார். வட்டிலப்பத்துக்கு உயிரையே விடுகிற மனிதர் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். தில்லையடியில் தொடங்கிக் கரைத்தீவுப் பக்கம் வரை பயணங்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "வந்தான் வரத்தான் எங்களுக்குப் படிச்சுத் தரவா?" என்று சபைக் கூட்டத்தில் சத்தம் போட்டார். ஹஸ்ரத் சிரித்தார். "என்னை ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டு அனுப்பினவங்கள், முதலாளி. கேள்வி இல்லாமல் அனுப்புறதெண்டால் என்னெண்டு எனக்குத்தான் தெரியும்." அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று தீர்மானித்தார்கள். என் பண்ணை நிலம் அப்போது முதலாளியிடம் எடுத்த குத்தகை. பயந்துதான் கையெழுத்து வைத்தேன்.

கடிதத்தை வாசித்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார் ஹஸ்ரத். அண்ணன் முறைக்காரரை அவர் காக்கா என்பார், நம் ஊரார் நானா என்பார்கள். "காக்கா, ஜும்ஆ முடிய இதை மைக்கில வாசியுங்கோ. ஊரறிய வச்ச இமாமை ஊரறிய விலத்துங்கோ."

வாசிக்க எழும்பினேன். "சில காரணங்களினால்" என்ற இடத்துக்கு வந்தேன். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன காரணம் நானா? செல்லுங்களே!" திரும்பி வந்த அந்தப் பிள்ளையின் தாய். பிறகு காரணத்தைச் சொல்லச் சொல்லி மற்றவர்களும் தொடங்கினார்கள். "செல்லுங்க, செல்லுங்க!" எந்த வாயால் சொல்வேன்? கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஒன்றும் நடக்காதது போல ஹஸ்ரத் சுன்னத்துத் தொழ எழும்பிப் போனார். அதன் பிறகு அவரை நிறுத்தும் பேச்சு எழவே இல்லை. முதலாளி சபையை விட்டுப் போனார், தொழிலை விடவில்லை. என் குத்தகை போயிற்று. போகட்டும், இப்போது இன்னொருவருடைய பண்ணையில் வேலை செய்கிறேன்.

மையவாடியில் மண் போட்டுத் திரும்பும்போது முதலாளி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "இனிக் கரைச்சல் இல்ல." என் காதில் விழட்டும் என்றே சொன்னாரோ, தெரியாது. விழுந்தது.

முதலாளி, இதை நீங்களும் வாசிப்பீர்கள். ஹஸ்ரத்தின் இல்முக்கு, அந்த மார்க்க அறிவுக்கு, நான் வாரிசில்லை, அந்த அளவுக்கு ஓதியவனல்ல. அவர் முகம் கோணாமல் கேட்ட கேள்விகளை வைத்திருக்கிறேன். மைக்குக்கு முன்னால் வாயடைத்து நின்ற வெட்கத்தையும் வைத்திருக்கிறேன். பேப்பரைக் கேட்டுப் பார்க்கிற இந்த வேலைக்கு அவை இரண்டும் போதும்.

அடக்கத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, திரும்பி வந்த அந்தப் பிள்ளையின் தாய் தன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் கையில் விசாக் கடதாசி. "ஹஸ்ரத் இல்ல. நீங்க பாருங்க நானா" என்றார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். சுத்திப்பார்க்கும் விசா. "வேலைக்கெண்டுதானே சென்னாங்க" என்றது பிள்ளை. ஹஸ்ரத்தின் இடத்தில் இப்போது தொழுவிக்கும் புதிய இமாமிடம் போய்ச் சொன்னேன். அவரும் ஓத மறுத்துவிட்டார்.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு, பிள்ளையைக் கூட்டிப்போக முதலாளியின் வேன் வந்து ஹோன் அடித்தது. அந்தத் தாயும் நானும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் பிள்ளையின் வீட்டு வாசலை மறித்து நின்றோம். பிள்ளை உள்ளே உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். வேன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெறுமையாகத் திரும்பிப் போனது.