அழகு என்ற சொல் இல்லாத மன்றம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘அழகு’ என்று சொன்னால் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. கலை வரலாற்று மன்றம் என்று அதற்குப் பெயர். பெயரை வைத்துப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வரலாற்றுத் துறை மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி, எட்டு உறுப்பினர்கள். பாட்டு மன்றத்துக்கும் நடன மன்றத்துக்கும் கூட்டம் அள்ளும். எங்களிடம் வருகிறவர்கள் வேறெங்கும் இடம் கிடைக்காமல், ஒரு சான்றிதழாவது தேறட்டுமே என்று வருகிறவர்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

ஆனாலும், படித்த காலத்தில் உருப்படியாக என்ன செய்தாய் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், தயங்காமல் அந்த மன்றத்தைத்தான் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறார்கள்.

அந்த டீச் சட்டம் என் தோழியால் வந்தது. அவள் திசையன்விளைக்காரி. அப்பா அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதிலேயே பாளையங்கோட்டை விடுதிக்கு வந்து, அங்கேயே படித்து முடித்து, எம்.ஏ. வரலாற்றில் என் வகுப்பில் சேர்ந்தாள். அந்த ஆண்டு மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு வந்து அவள் உட்கார்ந்ததும் அறை கப்சிப் ஆகிவிட்டது. செயலாளராக இருந்த, பிஎச்.டி. செய்யும் சீனியர் அண்ணன் தேன் தடவிய குரலில், பாட்டு மன்றம் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார்.

“எல்லாரும் என்னைய அங்கனதான் அனுப்புதாவ, அண்ணே. எனக்குப் பாட்டு வராது,” என்றாள். “சிலைன்னா என்னன்னு தெரிஞ்சிக்கிடணும். அதுக்கு இதுதான இடம்?”

அண்ணன் உறுப்பினர் பட்டியலை எடுத்து அவள் பெயரை எழுதினார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவள் என் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள்.

அந்த மாதமே மன்றத்தின் முதல் பயணம். திருச்செந்தூர் போகிற பாசஞ்சர் ரயிலில் ஏறி, ஆழ்வார்திருநகரியில் இறங்கி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஆட்டோவில் போனால் ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோவில். பேர்பெற்ற கோவில் இல்லை. ஆனால் அதன் முன்மண்டபத்தில் எதிரெதிராக இரண்டு வரிசைத் தூண்கள், தூண்களில் ஆளுயரத்துக்குப் பெண் சிற்பங்கள். படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே பலகை தொங்கியது. கேமராவைக் கொண்டுவந்தவர்கள் முகம் வாடிப் போனார்கள். எனக்கும்கூட, படம் இல்லாமல் இங்கே என்ன வேலை என்றுதான் தோன்றியது.

தெற்கு வரிசையில் முதல் தூணின் முன்னால் அவளை நிறுத்தி, ரொம்ப அழகாக இருக்கிறது என்றேன்.

“அழகுன்னா எப்படிட்டி? கை எங்கன இருக்கு?”

நான் பதில் சொல்லத் திரும்பினேன். கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, அதன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழகு என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே பார்த்தேன். இடது கை தொங்குகிறது, புடவைக் கொசுவத்தைப் பிடித்திருக்கிறது என்றேன். எத்தனை விரலால் என்று கேட்டாள். உடம்பின் எடை எந்தக் காலில், முகம் எந்தப் பக்கம், தாடை தோளைத் தொடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரை மணி நேரத்தில் என் கழுத்து வலித்துவிட்டது. ஆனால் அந்தக் கல் பெண்ணை இன்றைக்கு எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அன்று மாலை திரும்பும் ரயிலில் சட்டம் நிறைவேறியது. அழகு, கம்பீரம், தத்ரூபம், உயிரோட்டம் ஆகிய நான்கு சொற்களும் மன்றத்தில் தடை. மீறினால் எல்லாருக்கும் டீ. முதல் வாரத்தில் டீ வாங்கியே அண்ணன் நொந்துபோனார்.

கல்லைத் தொடக் கூடாது என்பது மன்றத்தின் பழைய சட்டம். பல கைகள் படப்படக் கல்லில் எண்ணெய் ஏறும், செதுக்கிய விளிம்பு மழுங்கும். அவளுக்கு மட்டும் விலக்குத் தரலாம் என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். நான் தொட்டால் மட்டும் கல் தேயாதா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக எங்களைத் தொட்டாள். சிற்பம் நிற்பதுபோல நாங்கள் நிற்க வேண்டும். அவள் தோளில் தொடங்கி விரல் நுனிவரை தடவிப் பார்ப்பாள். அதுவும் ஒவ்வொருவராக, மற்றவர்கள் கேட்காத தூரத்தில். ஏழு பேரையும் தனித்தனியே நிற்க வைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, ஏழும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாள். இடித்தால் மறுபடி மண்டபத்துக்கு ஓட வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் தோற்றது போங்கள். பையன்கள் புலம்பினாலும் ஒருவனும் மன்றத்தை விட்டுப் போகவில்லை. அவள் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கண் திறந்துகொண்டிருந்தது, அது எங்களுக்கே தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில், பல கல்லூரிகளையும் அழைத்து எங்கள் துறை ஒரு கருத்தரங்கு நடத்தியது. முதல் நாள் கட்டுரைகள், மறுநாள் அதே ஆற்றங்கரைக் கோவிலுக்குப் பயணம். எங்கள் மன்றத்தின் கட்டுரை அவளுடையது. தெற்கு வரிசையின் அந்த முதல் பெண்ணைப் பற்றியது. அந்தச் சிலையின் வலது கை தோள் உயரத்துக்குத் தூக்கியபடி, மணிக்கட்டோடு உடைந்திருக்கிறது. இப்படிக் கை தூக்கிய பெண்ணைக் கண்டால், கையில் கிளி இருந்தது என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் கிளியோடு இருக்கும் பெண்கள் கிளியைப் பார்ப்பார்கள். இவளோ எதிர்ப்பக்கம், தன் இடது பாதத்தைக் குனிந்து பார்க்கிறாள். ஆகவே கையில் இருந்தது என்ன என்று நமக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம் என்பதுதான் கட்டுரை.

மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியை நல்லவர். ஆனால் பயந்தவர். நடுவராகச் சென்னையிலிருந்து பெரிய ஆய்வாளர் வருகிறார், கட்டுரையை நீ வாசி, அவள் பக்கத்தில் உட்காரட்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு அதையும் தாண்டி வந்தது. அவள் இந்தத் துறையிலேயே முனைவர் பட்டம் வரை போக ஆசைப்படுகிறவள். இவளுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று சொந்தக்காரர்கள் முதல் சக மாணவர்கள் வரை கேட்டுவிட்டார்கள். எங்கள் மேடையிலேயே அவளை ஓரமாக உட்கார வைத்தால், கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் பேசாவிட்டால் மன்றமே பேசாது என்றேன். பேராசிரியை பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

அவள் பேசினாள். திரையில் ஒரு படம்கூட இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கவும் தேவைப்படவில்லை. அவள் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் தன்னையறியாமல் தலையைச் சாய்த்து இடது பாதத்தைப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். என் கண்கள் கலங்கிவிட்டன. அவள் சொன்ன சொற்களில் பாதி என்னுடையவை.

நடுவர் எழுந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருந்தார். குரலில் கடுமை இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தத் தூணைத் தாம் முன்பே நேரில் கண்டிருப்பதாகவும், கை உடையவில்லை என்றும், அதில் கிளி தெளிவாகவே இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, “இது கண்ணுக்கான துறைம்மா. சொல்லக் கேட்டு எழுதினா இப்படித்தான் ஆகும்,” என்றார்.

அரங்கத்தில் சிலர் உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அறைந்தே விடலாம் போலிருந்தது.

அவள் மைக்கை விடவில்லை. “ஏழு பேரைத் தனித்தனியாக் கேட்டிருக்கேன் சார். ஏழு பேரும் உடைஞ்சிருக்குன்னு சொன்னாவ. நாளைக்கு நீங்க பார்த்துச் சொல்லுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்று மாலை கேன்டீனில் நாங்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒருவன் போனில் தேடினான். எந்தக் கோவில் தூணைப் பார்த்தாலும் கை தூக்கிய பெண், கையில் கிளி. பார்க்கப் பார்க்க எனக்கே கலங்கியது. உடைந்த கையைத்தான் பார்த்தோமா, அல்லது கிளி இருந்து நாங்கள் கவனிக்கவில்லையா? அவ்வளவு பெரிய மனிதருக்குத் தெரியாதா? வேறு தூணோடு குழப்பிக்கொண்டோமோ என்று ஒருவன் முணுமுணுத்தான். நானும் அவனை மறுக்கவில்லை.

அவள் வடையைத் தின்றுகொண்டே சிரித்தாள். “ஏட்டி, ஏழு பேரும் ஒண்ணுபோலத் தப்பாச் சொல்லணும்னா முதல்ல நீங்க ஒத்துப்போவணும்லா. டீயா காப்பியான்னே உங்களுக்கு ஒத்துப்போவாது.” பிறகு என் வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். “நீ அன்னைக்கு உள்ளங்கையச் சுடிதார் கைக்குள்ள இழுத்துக்கிட்ட. இப்ப முணுமுணுத்தவன் விரல மடக்கிக்கிட்டான். அண்ணன் துண்டப் போட்டு மூடினாவ. ஏழு கையும் இங்கனதான் முடிஞ்சிது. எனக்கு மறக்காது.”

நாங்களே எங்களை நம்பாமல் உட்கார்ந்திருந்தபோது, எங்களை நம்பிக்கொண்டு வடை தின்ற ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலையில் எல்லாரும் பேருந்தில் போய் இறங்கினோம். நடுவர் முன்னால் நடந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வடக்கு வரிசை முதல் தூணின் முன்னால் போய் நின்று, கையைக் காட்டிச் சிரித்தார். “இதோ கிளி.”

நிஜமாகவே கிளி இருந்தது. மூக்கு, சிறகு எல்லாம் முழுதாக. கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கணம் நானும் அது எங்கள் தூண்தான் என்று நம்பிவிட்டேன்.

“சார், அந்தப் பொம்பளைக்கு எடை எந்தக் கால்ல இருக்கு?” என்று பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். வலது காலில் என்றார்.

“எங்க ஆளுக்கு இடது கால்ல. பையத் திரும்பி, எதிர்த் தூணப் பாருங்க சார்.”

அவர் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். தெற்கு வரிசை முதல் தூணில் எங்கள் பெண் எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தாள். இடது காலில் எடை, இடது பாதத்தில் பார்வை, தூக்கிய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. உடைந்த இடமும் மற்ற கல்லைப்போலவே எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்துக் கிடந்தது, பழைய உடைப்பு. நேர் எதிரே ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு பெண்களை அவர் மனதில் ஒன்றாக்கி வைத்திருந்தார். ஆயிரம் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஆகும்போல. எங்களுக்கு ஆகவில்லை. அவள் ஆகவிட்டால்தானே.

அவர் அந்தத் தூணின் அருகே போய் உடைந்த மணிக்கட்டை உற்றுப் பார்த்தார். பெரிய மனிதர்தான் என்பதை அப்போதுதான் காட்டினார். தாம் சொன்னது தவறு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அத்தோடு நிற்காமல், அந்தத் தலைச் சாய்ப்பு எவ்வளவு அழகு என்றும் சொல்லிவிட்டார். எங்கள் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அவர் விழித்தார். டீச் சட்டத்தைப் பேராசிரியைதான் நெளிந்துகொண்டே அவருக்கு விளக்கினார். ஆட்டோ ஸ்டாண்டு கடையில் எல்லாருக்கும் வாங்கித் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் எப்படித்தான் சொல்வது என்று தோழியிடமே கேட்டார்.

“நின்னு காட்டணும் சார். நான் கையத் தொட்டுப் பார்க்கலாமா?”

அவர் ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். மண்டபம் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள், சாமி கும்பிட வந்த சனங்கள். பிறகு செருப்பில்லாத இடது காலில் எடையைப் போட்டார். தலையைச் சாய்த்துப் பாதத்தைப் பார்த்தார். இடது கையால் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். கை தானாக விரிந்தது. அவர் தூணைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி உள்ளங்கையை மெல்லச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவள் அவர் தோளில் தொடங்கி, முழங்கையைக் கடந்து வந்தாள். மணிக்கட்டில் விரல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, “எட்டு,” என்றாள்.