சுவரைப் பார்த்து நின்ற மாடுகளும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவர் வாழ்ந்த விதத்தை எழுதித் தருவது தங்கையாகிய என் கடமை என்று அக்காவின் கணவரான மாமா சொன்னார். அழகாக எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிலவற்றை நீங்கள் நம்பாமல் போகலாம். நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

வல்லக்கோட்டைக்கு அருகில் எங்கள் ஊரில், பயிர் செய்து வாழ்ந்த குடும்பத்தின் மூத்த மகள் அக்கா. நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே சுற்றிலும் நிலங்கள் தொழிற்சாலைகளுக்குப் போயின. எங்களுடையதும் போயிற்று. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டும் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டும் எங்கள் மாமாவை மணந்து, கீர்த்தனாவுக்குத் தாயானார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மாட்டேன் என்பதையும் மெதுவாகத்தான் சொல்வார். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

நிலம் போன பிறகும் மாடுகள் இருந்தன. மேய்க்க இடமில்லாமல் பலரும் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையில் படுத்துக் கிடந்தன.

ஒருநாள் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, லாரியில் அடிபட்ட பசு ஒன்று சாலை நடுவே கிடந்தது. உயிர் இருந்தது. பஸ் ஒதுங்கிப் போகப் பார்த்தது. அக்கா எழுந்து டிரைவரிடம் போனார்.

“நிறுத்துங்கண்ணா. நான் எறங்கிக்கிறேன்.”

“இன்னாம்மா பண்ணப் போற? அது பொழைக்காது.”

“பொழைக்காதுதான். தனியா கெடக்குதே.”

அன்று அக்கா தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் செய்தார். ஒருவர் தங்கள் எல்லை இல்லை என்றார். ஒருவர் வண்டி வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர், மாட்டுக்காரர் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார். வெயில் இறங்கும் வரை பசுவின் தலையருகே துப்பட்டாவால் நிழல் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார். அது இறந்த பிறகே வீட்டுக்கு வந்தார். கை கழுவிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்: “அடிக்கக்கூடாதுன்னு சட்டம் கீதாம். அடிபட்டுக் கெடந்தா யாரு வரணும்னு கேட்டா, ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அதையும் சட்டத்துல எழுதணும்.”

அப்படித் தொடங்கியதுதான் அக்காவின் வேலை. அடிபட்ட விலங்குக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, கைவிடப்பட்ட மாடுகளுக்குத் தண்ணீரும் இடமும் யார் தரவேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்லவேண்டும் என ஒரு மனு எழுதினார். கம்பெனி பஸ்களிலும் டீக்கடைகளிலும் கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் கையெழுத்து வாங்கினார். மாமாவின் ஆட்டோவில் ஏறிய யாரும் தப்பவில்லை. “மனுசனுக்கே ஒண்ணும் கெடைக்கல, மாட்டுக்குச் சட்டமா?” என்று நம் சொந்தக்காரர்களே சிரித்தார்கள். அக்கா கோபப்படவில்லை. “அதுக்கும் கேப்போம் சித்தப்பா. இதுல மொதல்ல கையெழுத்துப் போடுங்க” என்றார். கம்பெனி கேட் பக்கத்தில் மனுவோடு நிற்கக்கூடாது என்று சூப்பர்வைசர் எச்சரித்தார். அடுத்த ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு முழுநேரமும் இதற்காகவே அலைந்தார்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில் நான் அதைப் பார்த்தேன். ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதில் ஓரமாக மாடுகள் வரிசையாக நின்றன. எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. மூக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அசை போடவில்லை, வாலால் ஈ ஓட்டவும் இல்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு காதுகூட ஆடவில்லை. மறுநாளும் அப்படியே. பஸ்ஸில் பெண்கள் அந்தப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன். வந்து பார்த்தார். “அந்தப் பக்கம் எங்கனா தண்ணி கீதா?” என்று அந்தத் தொழிற்சாலையின் காவலாளியிடம் கேட்டார்.

“முன்ன ஒரு குட்டை இருந்துச்சாம்மா. மாடுங்கள அங்கதான் வுடுவாங்களாம். இப்ப ஏது? மண்ணு கொட்டி, காங்கிரீட் போட்டு, அது மேலதான் ஷெட்டு கீது.”

அக்கா மதில் ஓரமாக ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு ஊர்க்காரர்களிடம் கேட்டு சிமெண்ட் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, மாமாவின் ஆட்டோவில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். மாடுகள் வந்து குடித்தன. குடித்துவிட்டுத் திரும்பிப் போய், விட்ட இடத்திலேயே சுவரைப் பார்த்து நின்றுகொண்டன. அக்கா பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். “தண்ணிக்காவ நிக்கல போலடி” என்றார்.

சட்டமன்ற உறுப்பினரை அந்த இடத்துக்கே அழைத்துவந்தது அக்காவின் பிடிவாதம். அவசரத்தில் இருந்த அவர் காரைவிட்டு இறங்காமலே மனுவை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். “ரெண்டு நிமிசம் எறங்கிப் பாருங்க சார்” என்றார் அக்கா. இறங்கினார். ஒரு மாட்டின் முதுகில் கை வைத்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

“இதுங்க எப்பத்துலேர்ந்து இப்படி நிக்குது?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“தெனம் நிக்குதுங்க சார். யாராவது கேப்பாங்கன்னு நிக்குதுங்களோ என்னமோ.”

அடுத்த கூட்டத்தொடரில் அவர் சபையில் அதைப் பற்றிப் பேசினார். அரசு பரிசீலிக்கும் என்று பதில் வந்தது. அக்காவுக்கு அது போதவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் வாங்கப் புறப்பட்டார். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தீர்மானம் நிறைவேறியது. அப்போதுதான் நோய் தெரிந்தது. புற்றுநோய் என்றும், முற்றிவிட்டது என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள்.

கடைசி நாட்களில் அக்கா தெருவைப் பார்த்த அறையில் படுத்திருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“வாசல்ல வந்து நிக்குறவங்களுக்குத் தண்ணி வெச்சியா?” என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. “யாரும் இல்லக்கா.”

“கீதுங்க. முதுகு காட்டிக்கினு நிக்குதுங்க. மூஞ்சியப் பாக்கணும்டி எனக்கு. ஒருவாட்டி இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு.”

யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசல் வரை போய், ஆளில்லாத தெருவைப் பார்த்து, “திரும்புங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா கண்ணை மூடி, சரி என்பதுபோல் தலையசைத்தார். இரண்டொரு நாளில், கீர்த்தனா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

இறுதி ஊர்வலம் அந்த மதிலைக் கடந்துதான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். மாடுகள் அங்கே நின்றன. அக்காவின் உடல் இருந்த வண்டி நெருங்கியபோது ஒவ்வொன்றாகத் திரும்பின. சுவருக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து நின்றன. ஒன்றும் கத்தவில்லை. யாரும் சொல்லாமலே மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடந்து போகும்வரை எங்கள் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது.

அக்காவின் நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஊர்வலத்தில் உடன் நடந்தவர்களுக்கும், காரியத்தன்று சமைத்துப் பரிமாறிய தெருவாசிகளுக்கும், கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும், சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சட்டம் இன்னும் வரவில்லை. மனுவோடு இப்போது நானும் மாமாவும் போகிறோம்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஊர்வலம் போன நாளுக்குப் பிறகு அந்த மாடுகளை யாரும் பார்க்கவில்லை. லாரிக்காரர்களிடம் கேட்டோம், சந்தைக்காரர்களிடம் கேட்டோம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போய்த் தேடினோம். ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. நீங்கள் போகும் வழியில் எங்கேனும், ஏதேனும் ஒரு சுவரைப் பார்த்து மாடுகள் வரிசையாக நிற்கக் கண்டால், பயந்து போய்விடாதீர்கள். தண்ணீர் வையுங்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.