இன்னும் இல்லை

அந்த வீட்டில் டிஷ்வாஷர் பாத்திரம் கழுவி யாரும் பார்த்ததில்லை. கழுவுவது நாகமணி. கழுவியதைக் கவிழ்த்து வைக்கும் கூடையாக மட்டும் அதற்கு உத்தியோகம். காய்ந்ததை எடுத்து அலமாரியில் அடுக்குவது சேனாபதி. டெக்ஸஸில் இந்தக் காப்பெலுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விசாலாக்ஷியும் சுந்தரராமனும் வருகிறார்கள். ரிடையர் ஆன தம்பதி, இந்தோனேஷியாவுக்கு ஆற அமரச் சுற்றக் கிளம்புகிறார்கள். இவர்கள் பையன் கவின் அங்கேதானே இருக்கிறான், நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வருகை.

"ஏனுங்க, அவங்ககிட்ட நீங்க வாயத் தொறக்காதீங்க. பையன் ஊர் சுத்தப் போயிருக்கான், அவ்ளோதான்."

"நான் எங்க தொறந்தேன்? கல்யாணமானதுல இருந்து அது உன் டிபார்ட்மென்ட்டாச்சே" என்றார் சேனாபதி, டம்ளரைத் துடைத்தபடி.

கவின் ஊர் சுற்றப் போகவில்லை. பெருந்துறையிலிருந்து மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் வந்திறங்கிய பிள்ளை அவன். கிரீன் கார்டு வரிசையில் அப்பாவின் முறை வருவதற்குள் அவனுக்கு இருபத்தொரு வயதாகி, குடும்பத்திலிருந்து தனியாகக் கழன்று விழுந்தான். இங்கே பிறந்த தங்கை தென்றலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கவின் மாணவன் என்று தனி விசாவுக்கு மாறினான். உள்ளேயே இருந்தால் கவலையில்லை. வெளியே போனால், திரும்பி வர பாஸ்போர்ட்டில் புதிதாக விசா ஸ்டாம்பிங் வாங்கியாக வேண்டும்.

போக மாட்டேன் என்றுதான் சொன்னான். நாகமணிதான் அனுப்பினாள். பெருந்துறையில் சேனாபதியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கூடப்பிறந்தவன் இல்லாத பெண். மாப்பிள்ளையோடு மச்சினன் கைகோர்க்கும் சீருக்கு, பங்காளி வகையில் இருந்த ஒரே பையன் கவின். "நாளைக்குச் சபையில எம் பையன் எங்கேன்னு நாலு பேரு கேக்கணுமா?" என்று டிக்கெட் போட வைத்தாள். போட்டோவில் கைகோர்த்தபடி நன்றாகத்தான் நிற்கிறான். அடுத்த வாரம் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி, படிப்பு முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவாயா என்று கேட்டார். "வீட்டுக்குத்தான் போகணும், டெக்ஸஸ்ல இருக்கு" என்றான் பையன். வீடு என்று அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். திரும்பிப் போகாதவனுக்கு மாணவர் விசா இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்தான். மறுபடியும் அதே பதில்.

பெருந்துறையில் பார்ப்பவர்களெல்லாம் "எப்பக் கண்ணு கிளம்பறே?" என்று கேட்டதில், இருக்க முடியாமல், இந்தோனேஷியாவில் யோக்யகர்த்தாவில் இருக்கும் காலேஜ் நண்பன் வீட்டு மாடிக்குப் போய்விட்டான்.

நாகமணிக்குக் காத்திருப்பது புதிதல்ல. ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே வேலைக்குப் போக அனுமதி வருவதற்குள் கணக்கு மறந்து, இப்போது டேகேரில் பிறத்தியார் குழந்தைகளைத் தூங்க வைக்கிறாள். பையன் போன் செய்தால் அவள்தான் பேசுவாள். சேனாபதி முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு அடுக்குவார். வரிசை அவருடையது என்பதால் வந்த கூச்சம்.

ஒருமுறை கவின் சொன்னான்: "அம்மா, இங்க ரெண்டு 'நோ' இருக்கு. திடாக்னா இல்ல, அவ்ளோதான், ஃபினிஷ்ட். ஆனா கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கான்னு கேட்டா யாரும் திடாக் சொல்ல மாட்டாங்க. பெலும்னு சொல்வாங்க. இன்னும் இல்லன்னு அர்த்தம்." நல்ல ஜனங்களாக இருக்கிறார்களே என்று அவளுக்குப் பட்டது. சிங்க்கில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பெலும்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் வீடியோவில் கவின் தெரிந்தான். இங்கே பொழுது சாய, அங்கே விடிந்திருந்தது.

"சொல்லுடா கண்ணா, ஊர் எப்படி?" என்றாள் விசாலாக்ஷி.

"ஸ்லோ ஆன்ட்டி. ரோட்ல நடந்தா எங்க போறேன்னு எல்லாரும் கேப்பாங்க. ஜாலான்-ஜாலான்னு சொன்னாப் போதும். சும்மா சுத்தறேன்னு மீனிங். அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"விசாலம், நம்ம ப்ரோக்ராமுக்கு இதுதான் பேரு" என்று தொடையில் தட்டிக்கொண்டார் சுந்தரராமன்.

டீயில் சர்க்கரை அதிகம் என்றான். எரிமலை கனைத்தால் துணியெல்லாம் சாம்பல் என்றான். பிறகு பக்கத்து வீட்டு பூ ஸ்ரீ பற்றிச் சொன்னான்.

"பூவா? மல்லியா, கனகாம்பரமா?"

"பூன்னா அம்மா மாதிரி, ஆன்ட்டி. அவங்க பையன் மீன் பிடிக்கற கப்பல்ல போனான். கப்பல் திரும்பி வரல. தெருவுல எல்லாரும் பையன் வந்தாச்சான்னு கேக்கறாங்க. பெலும், இன்னும் வரலன்னு சொல்றாங்க. டெய்லி அவன் பைக்கைத் துடைக்கறாங்க. எல்லாருக்கும் தெரியும், ஆன்ட்டி. அவங்களுக்கும் தெரியும்."

நாகமணி முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

விசாலாக்ஷிதான் பேச்சை மாற்றினாள். "சரி, நீ எப்போடா வர்றே? அம்மா இளைச்சுட்டா பாரு. உனக்கும் பெலும்தானா?"

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. கவின் நேராக கேமராவைப் பார்த்தான்.

"இல்ல ஆன்ட்டி. பெலும் இல்ல. திடாக்." கொஞ்சம் நிறுத்தி, "சாரிம்மா" என்றான். திரை இருண்டது.

"என்னது, டக்குனு வெச்சுட்டான்? திடாக்னா?"

"அங்க சிக்னல் சரியில்லீங்க." நாகமணி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரம் எதுவும் இல்லை. "திடாக்னா... சீக்கிரம்னு அர்த்தம்."

"திடும்னு வந்து நிப்பான்னு சொல்லு! அதான் சர்ப்ரைஸ் கெட்டுடுமேன்னு சாரி சொல்றான்" என்று சிரித்துவிட்டு, டப்பாவில் முறுக்கும் வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள்.

நாகமணி சிங்க்குக்குப் போனாள். காபி டம்ளர்கள்தான். ஒன்றையே தேய்த்துக்கொண்டிருந்தாள். சேனாபதி பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது.

"மணி, சீக்கிரம்னானே... மறுபடி அப்ளை பண்ணியிருக்கானா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம்னா எப்ப? தீபாவளிக்குள்ள வந்துருவானா?"

அவள் டம்ளரைக் கழுவி, டிஷ்வாஷர் கூடையில் கவிழ்த்தாள். அடுத்ததை எடுத்தாள். துண்டும் கையுமாக அவள் முகத்தைப் பார்த்தவரின் முகத்தில், தெளிந்திருந்தது மறுபடி கலங்கியது. பிறகு துண்டை அடுப்பின் கைப்பிடியில் மடித்துப் போட்டுவிட்டு, அறையை விட்டுப் போனார்.