பதினாலாம் இடம்

சாஃபி ஊர் மத்தி மீன் ஆலையில் யார் எவ்வளவு அடுக்கினார்கள் என்று வரிசைப்படுத்தி எழுதும் பலகையில் பதினோரு வருடமாக முதல் பெயர் முபாரகாவுடையதுதான். அவளைப்போல் வேகமாக மீன் தலையைக் கத்தரித்து டின்னில் அடுக்க ஆளில்லை. தொழில் ரகசியம் கேட்டால் மற்றவர்கள் மழுப்புவார்கள். அவளோ ஹம்மாமில், அந்தப் பொதுக் குளியலறையில், ஆலைப் பெண்கள் நாங்கள் மீன் நாற்றம் போக முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது, சோப்புக் கட்டிகளை மீனாக வைத்தே காட்டிக்கொடுத்தாள்.

"கத்தரிய எதுக்குடி கீழ வைக்கிறீங்க? சுண்டுவிரல்ல மாட்டிக்கிட்டே அடுக்குங்க."

கோடை முடிவதற்குள் அவள் பெயர் பதினாலாம் இடத்துக்கு இறங்கியது. மேஸ்திரி லர்பிக்கு ஒரே குஷி.

"என்ன முபாரகா, கிழடு தட்டிருச்சா?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"பலகையில எனக்கு மேல இருக்குற பதிமூணு பேரும் கைய தூக்குங்கடி."

தூக்கினோம். பதிமூன்று சுண்டுவிரலிலும் கத்தரி தொங்கியது.