வாடை திரும்பிவிட்டது, தனம் அக்கா இல்லை

தனம் அக்கா போய்விட்டாள்.

காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது போன் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றாளாம், ஆட்டோவில் ஏற்றினார்களாம்... ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. இரண்டு பக்கமும் மூக்குத்தி, பெரிய குரல். அவள் பலகைக்குப் பக்கத்துப் பலகை என்னுடையது. வீடும் குருசுக்குப்பத்தில் அடுத்தடுத்த தெரு.

"வஞ்சிரம் கண்ணத் தொறந்துகினு ஒன்னையே பாக்குது, நீ வெலையப் பாக்கற" என்பாள். பேரம் பேச வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் தீர்ந்தது, பையை நீட்ட வேண்டியதுதான்.

ஐப்பசி வந்தால் அக்கா வேறு ஆள்.

அவள் வீட்டுக்காரர் ஓர் ஐப்பசியில் கடலுக்குப் போனவர். படகு மட்டும்தான் திரும்பக் கிடைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும், வடக்கிலிருந்து வாடைக் காற்று வீச ஆரம்பித்ததும் ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போவாள். நானும் கூடப் போவேன். கூடையை மணலில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்துத் திட்ட ஆரம்பிப்பாள்.

"ஏய்! ஒனக்கு என்னா கொறை வெச்சாரு எம் புருஷன்? அம்மான்னுதானே கூப்ட்டாரு ஒன்ன! அம்மா செய்யற வேலையாடி இது?"

வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆம்பளைகள் தலை நிமிர மாட்டார்கள். தொண்டை கட்டும் வரைக்கும் திட்டுவாள். அப்புறம் அதே கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாடி ராணி, ஏலம் ஆரம்பிச்சிருப்பான்" என்பாள்.

மழை முடிகிற வரைக்கும் சிடுசிடு என்றுதான் இருப்பாள். "வாடை திரும்பிடுச்சு, தனத்துகிட்ட வாயக் குடுக்காத" என்று பூ விற்கிற அம்மா வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி அனுப்பும். தை பிறந்தால் பழைய சிரிப்பு வந்துவிடும். மாசி மகத்துக்குச் சாமியெல்லாம் கடலுக்கு வரும்போது, புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் நிற்பது யார்... அக்காதான். அதே கடலுக்கு முன்னால்.

எப்படித்தான் முடிந்ததோ அவளுக்கு.

என் வீட்டுக்காரர் போனது சித்திரையில். இங்கே ஊருக்குப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை, கடலில் கால் நனைக்கவே யோசிக்கிற மனுஷன். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து மார்க்கெட்டுக்கு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகு கடலுக்குப் போகாது, நாட்டுப் படகில் வருகிற கொஞ்சம் மீன்தான். வெட்டுவேன், கொடுப்பேன், உட்கார்ந்திருப்பேன். பேச்சு இல்லை. அழுகையும் வரவில்லை. என் பொண்ணு பயந்துபோய் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்கா எழுந்து வந்து என் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் திட்டறதுக்குக் கடல் இருக்குது. ஒனக்கு யாருடி இருக்கா?"

நான் கத்தியை எடுத்து அடுத்த மீனை வெட்டினேன்.

"என்னைத் திட்டு."

"என்னாக்கா ஒளர்ற..."

"அக்காவாம் அக்கா. மரியாதை குடுத்து திட்டுனா எப்டிடி வெளிய வரும்? அடியே தனம்னு ஆரம்பி."

"அடியே தனம்" என்றேன், எனக்கே கேட்காத மாதிரி.

"காது கேக்கல."

"அடியே தனம்!"

அப்புறம் எங்கிருந்து வந்ததோ... "பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணனும்னு ஒனக்குத் தெரியாதா? கொழம்புல உப்பு இல்லன்னு இனிமே என்கிட்ட யாரு சண்டை போடுவா? என்ன எழுப்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னா?" கையில் மீன் வெட்டுகிற கத்தியோடு, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்க, கத்திக் கத்தி அழுதேன். அக்கா அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற அம்மா ஒருவர், மதாம் என்றுதான் கூப்பிடுவோம், அக்காவிடம்தான் வழக்கமாக மீன் வாங்குவார். அவர் வெலவெலத்துப் போய்விட்டார். "என்ன தனம், இந்தப் பேச்சு பேசறா, நீ சும்மா இருக்கியே?"

"அவ என்னைத் திட்டல மதாம். நீங்க சங்கரா மீனப் பாருங்க, எப்டி செவந்து கெடக்குது!"

அந்த வெயில் காலம் முழுக்க அப்படித்தான் போனது. காலையில் வந்ததும் "இன்னிக்கு இருக்காடி?" என்பாள். இருந்தால் திட்டுவேன். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அவள் பெற்ற பிள்ளைகூட அவளை அப்படிப் பேசியிருக்காது.

ஆடியில் ஒரு நாள் "இன்னிக்கு இல்லக்கா" என்றேன்.

"அப்ப கடையப் பாருடி, பூனை நெத்திலிய இழுக்குது" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை.

இப்போது பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஐஸ் பெட்டிக்குள் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். அக்கா வாயை மூடி நான் பார்த்ததே இல்லை...

முந்தாநாள் காற்று லேசாக மாறியது. "இரு இரு, நல்லாத் திரும்பட்டும். போயி கடல ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரலாம்" என்றாள். இந்த வருஷம் இன்னும் போகவில்லை. இன்றைக்குப் பார்த்து நன்றாகத் திரும்பிவிட்டது.

நாளைக் காலை எடுக்கிறார்கள். அவளிடம் மீன் வாங்கியவர்கள், திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் வந்துவிடுங்கள்.

அவள் வீட்டிலிருந்து நேராகக் கரைக்கு வந்தேன். இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவளுக்குப் பதிலாக நான் கடலைத் திட்டலாம் என்றுதான் வந்தேன்... வாயில் உன் பேர்தான் வருகிறது அக்கா.

அடியே தனம்! வாடை திரும்பிடுச்சு, கூடைய எடுக்காம எங்கடி போன?

காது கேக்குதாடி?