ஆணி இல்லாத குடில்

போன வாரம் என் மகன், காலேஜை விட்டுவிட்டுத் தச்சு வேலை கற்கப் போவதாகச் சொன்னான். “நம்ம குடும்பத்துல அது வேண்டாம்” என்று கத்திவிட்டேன். அது என் அப்பாவின் குரல்.

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் இருந்தோம். அப்பா இன்ஜினியர், ரயிலில் மன்ஹாட்டன் போய்வருவார். ஊரில் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்குத் தச்சுத் தொழில் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள், வெளியே சொல்லக் கூடாது என்றும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குழுவின் குடிலை அப்பாவே கராஜில் செய்தார். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி அடுத்ததன் துளைக்குள் இறக்குவார், ஆணியே கிடையாது. காதில் பென்சில். அவர் விசிலடித்து நான் கேட்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த அத்தையை, குழுவிலிருந்த டாக்டர் அங்கிள் தன் தம்பிக்குப் பெண் கேட்டிருந்தார். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்து பேசுவதாக ஏற்பாடு.

திருப்பலியில் பாதிரியார், இயேசுவை வளர்த்த சூசையப்பரின் தச்சுத் தொழிலைப் புகழ்ந்தார். எல்லோரும் உருகிப்போய் மண்டியிட்டோம். முடிந்ததும் டாக்டர் அங்கிள் குடிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து உள்ளேயும் பார்த்தார்.

“என்ன பிரதர், ஒரு ஆணிகூட இல்ல! யாரு பண்ணது?”

“ஸ்டோர்ல வாங்கினது, டாக்டர்.”

“எந்த ஸ்டோர்ல இப்படி விக்கிறான்? இது நம்மூரு ஆசாரி கை பிரதர். பரம்பரையா வந்தாத்தான் இந்த ஜாயிண்ட் வரும்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“ஒரு கால் லேசா ஆடுது, சரி பண்ணிட்டு வரேன்” என்று சொல்லி, ஆடாத குடிலை அப்பா காரில் ஏற்றிக்கொண்டார்.

“சூசையப்பரும் கார்பென்டர்தானேப்பா?” என்று வழியில் கேட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கராஜில் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல், பொருத்திய இடத்திலெல்லாம் ஆணி அடித்தார், தலை வெளியே தெரியும்படி. ஓரிடத்தில் மரம் பிளந்தது. அவர் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அங்கிள் வரவில்லை. அம்மா சுட்ட முறுக்கை நாங்களே ஒரு மாதம் தின்றோம்.

அன்று அப்பாவுக்கு ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவன் நான்தான். குடிலை இன்னும் உறுதியாக்குகிறார் என்று நினைத்தேன்.