பிரஷாந்தினி பறக்கவிட்ட வண்டு

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு வண்டு என்றால் பூவில் தேன் குடிப்பது மட்டுமல்ல. யுத்த காலத்தில் ஆளில்லாமல் வானத்தில் வட்டமடித்த வேவு விமானத்துக்கும் சனம் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தது. அது இரைந்தால் பின்னாலேயே குண்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு, பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவார்கள்.

முரசுமோட்டையில் பிறந்த பிரஷாந்தினி அப்போது சின்னப் பிள்ளை. மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கிடக்க, இவள் மட்டும் மண்மூட்டை இடுக்கால் தலையை நீட்டி மேலே பார்ப்பாள். தாய் இராசமலர் பின்னலைப் பிடித்து இழுப்பார்.

"அம்மா, அதுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையாம். வாயைப் பொத்திக்கொண்டு இரு."

ஒருத்தரும் இல்லாமல் ஒன்று எப்படிப் பறக்கும்? கண் இல்லாமல் எப்படிப் பார்க்கும்? பயம் போன பிறகும் அந்தக் கேள்வி அவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

வளர்ந்து பொலிஸில் சேர்ந்தாள். வண்டை ஏவிய அரசாங்கத்தின் சீருடையா என்று இராசமலர் பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வவுனியாவில், முறைப்பாடு சொல்ல வரும் தமிழ்ச் சனத்துக்கும் தமிழ் தெரியாத அதிகாரிகளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதுதான் அவளுடைய வேலை. அப்படி இருக்கையில், பொலிஸ் வான்பிரிவு வன்னிக்கு ஓர் அணியை அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது. ஹெலிகொப்டர் இறங்கப்போகிறது என்று நிலையத்தில் எல்லோரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வந்தது ஒரு பழைய வெள்ளை வான் வண்டி. அதற்குள் மூன்று பேரும் இரண்டு பெட்டிகளும். பெட்டிக்குள் ட்ரோன்.

அணியின் பொறுப்பாளர் இன்ஸ்பெக்டர் சுமேத, தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்பே பிரஷாந்தினி முன்னால் போய் நின்றுவிட்டாள்.

தொடக்கத்தில் ஒலிபெருக்கி பிடிப்பது மட்டுமே அவள் பங்கு. ஆற்றில் கள்ள மணல் அள்ளுகிற இடம், காட்டில் மரம் தறிக்கிற இடம், திருவிழாவில் வாகனம் நெரிகிற இடம் என்று ட்ரோன் பறந்தது. அவள் கேள்வி கேட்டாள். காற்றடித்தால் என்ன செய்யும்? பருந்து கொத்தினால்? வீட்டுக்குத் திரும்பும் வழி அதற்கு எப்படித் தெரியும்? பதில் சொல்லிக் களைத்த சுமேத ஒருநாள் இயக்கும் கருவியையே அவள் கையில் கொடுத்தார். முதல் பறப்பிலேயே அதைத் தென்னையில் கொண்டுபோய் மோதினாள். மரமேற ஆள் பிடித்து இறக்கவேண்டியதாயிற்று. நல்ல காலம், இறக்கை ஒன்றுதான் உடைந்தது. ஆனாலும் கை பழகிவிட்டது. அடுத்த மாரி வருமுன் அணியில் அவளைப் போல ஓட்ட ஆள் இல்லை என்றானது.

அந்த மாரிக்குள்தான் கனகராயன்குளத்தில் குகதாசன் என்ற, வயல் செய்யும் கமக்காரர் காணாமற்போனார். எருமைகள் இரண்டு பட்டிக்குத் திரும்பவில்லை என்று காட்டுக்குள் தேடிப் போனவர் வரவில்லை. ஊரார் தேடினார்கள், யானைத் தடம் கண்டு திரும்பினார்கள். விடியும்போது வான்பிரிவை அழைத்தார்கள். நிலம் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில் உடம்பின் சூடு வெப்பக் கமராவில் வெள்ளையாகத் தெரியும்.

காட்டோரத்தில் நின்று பிரஷாந்தினி ட்ரோனை ஏற்றினாள். கனநேரத்துக்குப் பிறகு, ஒரு பாலைமரத்தடியில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. கிட்டக் கொண்டுபோனாள். புள்ளி மரத்தடிக்குள் ஒடுங்கி மறைந்தது.

"காட்டுப்பன்றி. விட்டுவிட்டு அடுத்த பக்கம் போ" என்றார் சுமேத.

போனாள். ஆனால் மனம் கேட்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புள்ளி வெளியே வந்து ஊர்ந்துகொண்டிருந்தது. மறுபடி நெருங்கினாள். அப்படியே மண்ணோடு மண்ணாகப் படிந்தது.

"சேர், பன்றி என்றால் சத்தத்துக்கு ஓடும். இது நாங்கள் வந்தால் படுக்கிறது, போனால் நகர்கிறது. இப்படிப் படுக்க மனிதருக்குத்தான் தெரியும். நானும் படுத்திருக்கிறேன்."

சுமேத திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

அவள் ட்ரோனை இரைச்சல் கீழே எட்டாத உயரத்துக்கு ஏற்றி அங்கேயே நிறுத்தினாள். சற்றுப் பொறுத்துப் புள்ளி மெல்ல வெளியே வந்தது. ஒரு காலை இழுப்பதுபோல நின்று நின்று நகர்ந்தது.

குகதாசனின் மகள் கஜனியையும் கூட்டிக்கொண்டு, திரை காட்டிய திசையில் நடந்தார்கள். கஜனி ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் கஜனி! பயப்பிடாதேங்கோ. அது எங்கட ஆக்கள்தான். குரல் குடுங்கோ!"

இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி கூப்பிட்டாள். பிறகு பற்றைக்குள்ளிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது.

"பிள்ளை, குனிஞ்சு வா. மேலை வண்டு சுத்தித் திரியுது."

கணுக்கால் புரண்டு, கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்து மூச்சு விட்ட பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"சண்டை முடிஞ்சு எத்தினை வருசம் எண்டு எனக்குத் தெரியாதோ? தெரியும். உடம்புதான் கேக்கேல்லை. சத்தம் வந்த உடனை அது தன்ரை பாட்டிலை போய்க் கிடந்திட்டுது."

பிரஷாந்தினி திரையை அவரிடம் காட்டினாள். அரிசிமணி அளவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது நானோ?"

"ஓம் ஐயா."

"மேலையிருந்து பாத்தால் இவ்வளவுதானோ!" என்று அவர் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரமுன், எருமைகள் இரண்டும் தாமாகவே பட்டிக்கு வந்து நின்றன.

அதற்குப் பிறகு அணியின் வழக்கம் மாறியது. பறக்கமுன் ஊருக்குள் தமிழில் அறிவிக்கவேண்டும் என்று சுமேத கட்டளை போட்டார். பிரஷாந்தினிக்கோ வேறொன்றை அறிய ஆசை: எவ்வளவு உயரத்தில் அந்தச் சத்தம் மனிதர் காதை விட்டுப் போகும்? ஓய்வு நாட்களில் சுமேதவிடம் கேட்டு ட்ரோனை எடுத்துக்கொண்டு வயல்வெளிகளுக்குப் போனாள். விரும்பி வந்தவர்களை வரம்பில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே, "இப்ப கேக்குதோ?" என்று கேட்பாள். இளையவர்கள் சீக்கிரமே இல்லை என்றார்கள். நடுவயதுக்காரர்கள், ட்ரோன் கண்ணுக்கே தெரியாத உயரத்திலும் கேக்குது என்று கையை உயர்த்தினார்கள்.

முல்லைத்தீவுக் கரையிலும் கேட்டாள். அங்கே மார்கிறட் என்ற மீன் விற்கும் பெண், ட்ரோனை இறக்கி, அணைத்து, பெட்டிக்குள் வைத்த பிறகும் கையை இறக்கவில்லை.

"அக்கா, நிப்பாட்டியாச்சு."

"தெரியும் பிள்ளை. எனக்குக் கேக்குது."

பிரஷாந்தினி மறுத்துப் பேசவில்லை. மணலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று விசாரித்தாள்.